கிரானோசா கழக வரலாறும் என் பெனால்டியும்

எங்கள் கிரானோசா கால்பந்துக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குக் காய்ச்சல்காரர்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்துவிடுவார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். யார் வரவில்லையோ அவர் தலையில் பதவியைக் கட்டுவது எங்கள் வழக்கம். மைதானத்துக்குக் கோடு போடுபவர், சட்டை துவைப்பவர் எல்லாரும் அப்படி மாட்டியவர்கள்தான்.

1974 பிப்ரவரியில் தலைவர் பதவி காலி. நாங்களோ ஒருவர் விடாமல் காபிக் கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். செயலாளர் குன்வோர் உறுப்பினர் பட்டியலில் விரலை ஓட்டினாள்.

"ஒரு ஆள் வரல. எவெர்ட் ஹெட்ப்ளூம்."

"அவன் லோவ்டார்ப் கோல்கீப்பராச்சே!" என்று கத்தினேன். லோவ்டார்ப் ஏரிக்கு அக்கரை ஊர், எங்கள் பரம எதிரி.

"போன கோடையில நம்ம நடனத்துக்கு உறுப்பினர் மட்டும்தான் வரலாம்னோம்ல? ஆட ஆசைப்பட்டு அட்டை வாங்கிட்டான். அட்டை இருக்கு, ஆளு இல்ல. வேற என்ன வேணும் உனக்கு, சிக்ஸ்டன்?"

மேசையில் சுத்தியல் விழுந்தது. எவெர்ட் எங்கள் தலைவர் ஆனான்.

சண்டைக்கு வருவான் என்று பார்த்தால், மறுநாளே வந்து கழகச் சாவியைக் கேட்டான். செவ்வாயும் வியாழனும் எங்களுக்குத் தலைவர், ஞாயிற்றுக்கிழமை எதிரிக்குக் கோல்கீப்பர். ஒழுகிய கூரையை அடைத்தான். உடைமாற்றும் அறைக்கு வெந்நீர் வரவழைத்தான். பாவி, இதற்கு முன் இருந்த எவரையும்விட நல்ல தலைவர்!

அக்டோபரில் கடைசி ஆட்டம் லோவ்டார்ப்போடு. ஜெயித்தால் ஐந்தாம் டிவிஷனில் நீடிப்போம், இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டியதுதான். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி. அடிக்க வேண்டியவன் நான்.

"தலைவரே, கழகத்த மனசுல வெச்சுக்கோங்க!" என்று வெளியிலிருந்து குன்வோர் கூவினாள்.

"வெச்சிருக்கேன்! நீ அடிடா, சிக்ஸ்டன்!" என்று கோலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அடித்தேன். தடுத்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து நாங்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோது எவெர்ட் கதவைத் திறந்துகொண்டு வந்தான். லோவ்டார்ப்பின் பச்சைச் சட்டை, மேலே கோட்டு, வலது கை கோட்டுப் பைக்குள்.

"தலைவர்ங்கிற முறையில எனக்கு ரொம்ப வருத்தம்," என்றான். "அத எவன் தடுத்திருந்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் பயிற்சி."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், என்னைத் தவிர. அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் என்னை விடவில்லை. பால் வாங்கப் போனாலும், "இந்தப் பக்கமா அடிச்சிருக்கலாமேப்பா" என்று கடைக்காரி காலை ஆட்டிக் காட்டுவாள். அவமானம் தாங்காமல் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

புத்தி எங்கே போனது எனக்கு? குன்வோர் தொலைபேசியில் அழைத்தாள்.

"வாழ்த்துகள்! அடுத்த வருஷம் கழகத்துக்கு அம்பது வயசு. வரலாற எழுதப்போறது நீதான். ஏகமனதா முடிவாயிடுச்சு."

"எவன் முன்மொழிஞ்சான்?"

"தலைவர்தான். 'கால் செஞ்சத கை எழுதட்டும்'னாரு."

எழுதினேன். 1926இல் முதல் ஆட்டத்திலேயே பதினொரு கோல் வாங்கி மண்ணைக் கவ்வியது, 1951இல் மைதானத்துக்குள் நுழைந்த காட்டெருமை அளவு கடமான் எங்கள் கோலைக் காப்பாற்றியது, எல்லாம் மளமளவென்று வந்தன. 1974 வந்ததும் பேனா நின்றுவிட்டது. பத்து நாள் கழித்து, ஊர் சொல்வதை நானே சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்று எழுதினேன்: 'சிக்ஸ்டன் லுண்ட்மார்க் சொத்தையாக அடித்தார். கோல்கீப்பர் எளிதில் தடுத்தார்.'

ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியது தலைவர். அந்தப் பக்கம் திரும்பி வந்தபோது 'சொத்தையாக', 'எளிதில்' இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு குறிப்பு:

'தப்பு. என் வாழ்நாளில் எதிர்கொண்டதிலேயே பலமான பெனால்டி இது. வலது சுண்டுவிரல் இன்றுவரை மடங்கவில்லை. லோவ்டார்ப்பில் யாருக்கும் தெரியாது, நீயும் சொல்லாதே. தலைவர், எ. ஹெட்ப்ளூம்.'

படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அந்தக் குறிப்பை ஓர் எழுத்து மாற்றாமல் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அச்சிட்டேன். தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்ட பக்கத்தை நான் எப்படித் திருத்துவது?