காதால் தேர்ந்தெடுத்தது

ஃபெபிக்குப் பார்வை முழுதாகப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பாடம் நடத்துவதில் சிரமமில்லை. பதினோரு வருடமாக நடத்திய பாடம்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது தலைமையாசிரியர் ஹரிஹரசுப்ரமணியன் அவளைக் கூப்பிட்டு, எட்டாம் வகுப்பு வினாத்தாளை இந்த முறை வேறொருவர் தயாரிக்கட்டும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறைதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"கொஸ்டின் பேப்பர் நானே எடுக்கிறேன் சார். திங்கக்கிழமை காலைல உங்க மேஜையில இருக்கும்."

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டில் இருந்தது தம்பி கல்லூரியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. அதன் நினைவகம் இரண்டே ஜிபி. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டால், ஓர் எழுத்தைத் தட்டி நான்காவது எழுத்துக்குப் போன பிறகுதான் முதல் எழுத்தின் ஒலி வந்தது. அரைப் பக்கம் அடிப்பதற்குள் எல்லாம் உறைந்து நின்றது.

சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு சாஜிதாவின் கடைக்குப் போனாள். கல்லூரித் தோழி, பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி பழுதுபார்க்கிறாள். புதிதாக ஒன்று வாங்கிவிடேன் என்றாள் சாஜிதா. திங்கட்கிழமைக்குள் எங்கே வாங்கிப் பழகுவது என்றாள் ஃபெபி. விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான வேறு இயங்குதளம் ஏதாவது போட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது.

பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்தார்கள். முதலாவது இருப்பதிலேயே சின்னது. நொடியில் திறந்தது, பறக்கிறது என்று சாஜிதா சொன்னாள். ஃபெபிக்கு எதுவும் கேட்கவில்லை. அதில் வாசிக்கும் குரலே கிடையாது. இரண்டாவது பேசியது, ஆனால் கோப்புகள் இருக்கும் ஜன்னலுக்குப் போனதும் ஊமையாகிவிட்டது. எது எங்கே இருக்கிறதென்று சொல்லித் தருகிறேன், மனப்பாடம் பண்ணிக்கொள் என்றாள் சாஜிதா. ஃபெபி தலையாட்டி மறுத்தாள்.

பார்வையற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ டெபியன் என்ற இலவச இயங்குதளம் பற்றிச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. நிறுவும்போதே பேசுமாம். சாஜிதா அதை இறக்கி, பென் டிரைவிலிருந்து தொடங்கும்படி அமைத்தாள். பேசாத பகுதி அது ஒன்றுதான். பீப் என்று ஒலி வந்ததும், குழுவில் சொல்லியிருந்தபடி ஃபெபி எஸ் எழுத்தையும் என்டரையும் தட்டினாள். கரகரத்த ஓர் ஆங்கிலக் குரல், எந்த மொழி வேண்டும் என்று எண்களோடு கேட்கத் தொடங்கியது.

கணினியின் வன்தட்டில் உள்ளதையெல்லாம் அழிக்கவா என்று குரல் கேட்டபோது சாஜிதா பதறிக் கையை நீட்டினாள்.

"கை வைக்காதடி. தம்பி போட்டோவெல்லாம் நேத்தே எடுத்து வச்சுட்டேன். நாளைக்கு இது நின்னுபோனா நான்தானே திரும்பப் போடணும்?"

பாதியில் மழை வலுத்து மின்சாரம் போனது. பேட்டரி செத்து வருடங்கள் ஆகியிருந்தன, கணினி அணைந்தது. வெளியே பேருந்துகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஃபெபி ஒரு நிமிடம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, கடையின் யுபிஎஸ்ஸில் சொருகச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இம்முறை கேள்விகள் தெரிந்திருந்தன. திரைச்சூழல் பட்டியல் வந்ததும், கனமானதை விட்டு, பழைய கணினியிலும் இலகுவாக ஓடும் மேட் என்பதன் எண்ணை அடித்தாள்.

மதியம் மூன்றரைக்குக் கணினி மறுபடி எழுந்தது. தமிழ்க் குரலைச் சேர்த்து, 'காவிரி' என்று அடித்தாள். விரல் விசையை விட்டு எழும் முன்பே எழுத்து காதில் விழுந்தது. இன்னும் நாலைந்து சொற்களை வேகமாக அடித்தாள். சாஜிதா கண்ணைத் துடைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

ஞாயிறன்று தேவாலயம் போய்வந்த பிறகு நாள் முழுக்க அதன் முன்தான் உட்கார்ந்து வினாத்தாளை அடித்தாள்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அச்சிட்ட தாளை மெதுவாகப் படித்தார். யார் தட்டச்சு செய்தது என்று கேட்டார், நான்தான் என்றாள். தாளை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"டீச்சர், பதினாலாவது கேள்வியே இருபத்தொண்ணுலயும் வந்திருக்கு, பாருங்க."

பையிலிருந்து கணினியை எடுத்து அவர் மேஜையிலேயே மின்இணைப்புக் கொடுத்தாள் ஃபெபி. காதொலிப்பானை மாட்டி, இருபத்தொன்றாவது கேள்விக்குப் போய் அழித்துவிட்டு, உவர்ப்பு நிலங்களைப் பற்றி வேறொரு கேள்வியை அடித்தாள்.

"மாத்திட்டேன் சார். வேற ஏதாவது இருக்கா?"

அவர் மூன்றாம் பக்கத்தைப் புரட்டி மேலே படிக்கத் தொடங்கினார்.