குடும்பத் தலைவிக்கு வயிறு சரியில்லை

பூனை வந்த மறுநாளே உமாபதி தன் வீட்டின் தலைவர் பதவியை இழந்தான். அந்தக் குடியிருப்பில் வயதில் மூத்தவர்தான் குடும்பத் தலைவர். பூனைக்கு மனிதக் கணக்கில் எண்பது தாண்டியிருந்தது. வாசலில் அவன் பெயரைக் கழற்றிவிட்டுப் 'பங்கஜம்' என்று மாட்டினார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. உமாபதியும் ஆட்சேபிக்கவில்லை. தனியாக இருந்து இருந்து அந்தப் பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

பங்கஜத்தை அவன் பூனைக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். எல்லாரும் குட்டிகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து பங்கஜம் மட்டும் அவனை ஏளனமாகப் பார்த்தார். ஏளனமாகவாவது அவனை ஒருவர் பார்த்து வெகு காலமாகியிருந்தது. கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

குடியிருப்பில் இன்னொரு விதியும் உண்டு. வீட்டுப் பெரியவருக்குக் காலையில் ஒழுங்காக வயிறு போனால்தான் அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். பெரியவர் உட்கார்ந்துவிட்டால், முடிகிறவரை அந்த வீட்டில் இருக்கும் யாரும் அசையக் கூடாது. அது மரியாதை. இதையெல்லாம் விசாரிக்கச் சங்கச் செயலாளர் நீலமேகம் விடிந்ததும் கதவு கதவாகத் தட்டுவார். வேறு எதற்கும் லாயக்கில்லாதவரைச் செயலாளராக்குவது அங்கே வழக்கம்.

புதிய தலைவர் குடிவந்தால் பால் காய்ச்ச வேண்டும். பூனை என்றதும் சங்கத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா வீடுகளிலிருந்தும் பால் வந்தது. சர்க்கரை போட்டது, ஏலக்காய் தட்டியது, பாதாம் அரைத்துக் கலந்தது. அத்தனை வருடம் காய்ந்த தீனி தின்று பழகிய வயிறு. பங்கஜம் குடித்தார். வேண்டாம் என்று உமாபதி சொல்லியிருக்கலாம். அவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலமே பங்கஜத்துக்குக் கலங்கிப் போயிற்று. சோபாவில் போயிற்று. பேப்பரில் போயிற்று. அவன் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையில் போயிற்று. பூனை போவதற்கென்றே வைத்திருந்த மணல் தட்டில் மட்டும் போகவில்லை.

"பெரியவங்களுக்குப் போச்சுங்களா?" என்று மறுநாள் விடிந்ததும் வந்து கேட்டார் நீலமேகம்.

"போச்சுங்க."

"எங்கீங்க?"

"சட்டையில."

"அது சேராதுங்க," என்றார் நீலமேகம். தண்ணீர் நின்றது.

பக்கத்து வீட்டில் ஒரு குடம் வாங்கலாம் என்று போனான். அந்த வீட்டு அம்மாள் போன மாதமே நிலைக்கண்ணாடியாகிவிட்டார். கதவைத் திறந்து அவன் முகத்தையே அவனுக்குக் காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டான்.

சங்கத்தார் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு மூட்டை மணல் கொண்டுவந்து தட்டில் கொட்டினார்கள். சந்தன வாசனை மணல், மல்லிகை வாசனை மணல். மணல் ஏற ஏறத் தட்டின் சுவரும் ஏறியது. பங்கஜம் தூர நின்று முகர்ந்தார். பிறகு சங்கத்தாரை ஒவ்வொருவராக முகர்ந்தார். இரண்டுக்கும் ஒரே முகம்தான் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தலைவரை மாற்றுவது என்று முடிவாயிற்று. பங்கஜம் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டும். பதிலுக்கு உமாபதி வீட்டில் வைக்கச் சங்கத்திடம் உபரியாக ஒரு பெரியவர் இருந்தார். நீலமேகத்தின் மாமனார் மருதாசலம். தங்கமான வயிறு. கொஞ்ச காலமாக அவரை லிஃப்டில் உட்கார வைத்திருந்தார்கள். மாமனாரைத் தள்ளிவிட நீலமேகம் எத்தனை நாளாக வழி தேடினார் என்பது ஊருக்கே தெரியும்.

உமாபதி வேலை முடிந்து வருகையில் கதவருகே அந்த ஏளனமான முகம் காத்திருக்கும். அது இல்லாத வீட்டுக்குள் இனி அவனால் போக முடியாது.

பங்கஜத்தைக் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடைகூடம் நடக்க நடக்க நீண்டது. வயிறு சரியில்லாதவர்களுக்கு அது நீளத்தான் செய்யும் என்றார் வாட்ச்மேன். ஒருவழியாக டாக்டர் ரெஜினாவின் மேஜை வந்தது. அவர் பங்கஜத்தின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பின்னங்கால்களை மடக்கிப் பார்த்தார்.

"பால் யார் குடுத்தது?"

"எல்லாருங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கதாங்க."

டாக்டர் அவனைப் பார்த்தார். அதே பார்வை. பங்கஜத்துக்கு மூட்டுவலி, உயரமான சுவர் ஏறிப் போக முடியாது என்றார். பால் ஆகாது. பழைய தீனிதான் போட வேண்டும். வாசனை கூடாது. படி தாழ்வாக இருக்க வேண்டும். மணலில் போனதைத் தினமும் அள்ள வேண்டும்.

திரும்பி வந்தபோது தட்டின் சுவர் கூரையைத் தொட்டிருந்தது. உமாபதி ரம்பம் எடுத்து அடியில் அறுத்தான். மணல் சரிந்து வீடெல்லாம் நிறைந்தது. வாசனை ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது. எது தட்டின் சுவர், எது வீட்டின் சுவர் என்று அப்புறம் அவனுக்குத் தெரியவில்லை. வாசற்படி மட்டும் தாழ்வாக இருந்தது. பங்கஜம் வெளியே கால்மிதியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவன் பழைய தீனியைக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சனிக்கிழமைவரை அவர் அதைத் தவிர வேறெதுவும் தொடவில்லை. எங்கேயும் போகவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தார் வந்தார்கள். மருதாசலத்தை நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கணுக்கால் ஆழ மணலில் வரிசையாக நின்றார்கள். நீலமேகம் கையில் ஒரு சொம்பு பால் இருந்தது. வழியனுப்புவதற்காம்.

"கடைசியா ஒரு வாய் குடுத்தனுப்புவோமுங்க."

உமாபதி வாசலில் எழுந்து நின்றான்.

"பால் வேண்டாமுங்க," என்றான்.

அந்த வீட்டில் அவன் சொன்ன முதல் ஆட்சேபணை அது. பங்கஜம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கொஞ்சம் குறைவான ஏளனத்தோடு பார்த்தார் என்று உமாபதி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பிறகு பங்கஜம் வாசற்படியை மெல்லத் தாண்டி உள்ளே போனார். மருதாசலம் தங்கமான வயிற்றுக்காரர், விஷயம் தெரிந்தவர். நாற்காலியை விட்டு இறங்கி வெளியே வந்து கால்மிதியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களுக்கு அந்த அறிவு இல்லை. பங்கஜம் ஒவ்வொருவரையும் முகர்ந்து, நீலமேகத்தின் எதிரே இடம் பார்த்து, தோண்டி, உட்கார்ந்தார்.

யாரும் அசையவில்லை.

கெட்டியாகப் போயிற்று. பங்கஜம் திரும்பி மணலைத் தள்ளி அதை மூடினார். அந்தக் காலத்து மனுஷி, வேலையை அரைகுறையாக விடுகிறவர் இல்லை. நாற்றம் இன்னும் இருந்தது போலும். நீலமேகத்தின் பாதத்தை மூடினார். முழங்காலை மூடினார். அடுத்தவரிடம் போனார். பெரியவர் இன்னும் முடிக்கவில்லை என்பதால் எல்லாரும் மரியாதையாக நின்றார்கள். சொம்பு கடைசியாக மறைந்தது.

சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. பங்கஜம் வெளியே வந்து, கால்மிதியருகே உட்கார்ந்திருந்த உமாபதியின் மடியில் ஏறி, பாதத்தை நக்கிக்கொள்ள ஆரம்பித்தார்.

மருதாசலம் உள்ளே எட்டிப் பார்த்தார். மணல் சமமாக இருந்தது.

"தம்பி, அள்ளோணுமே," என்றார்.

"நாளைக்குப் பாத்துக்கலாமுங்க," என்றான் உமாபதி.