மேடு என்று எழுதிய நிலம்

தவசி ராம்குமாருக்குக் கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். பெண்டாட்டி இருளம்மாளின் வயிற்று ஆபரேஷனுக்கு வாங்கியது. கிணறு வெட்டியும் குழி தோண்டியும் வட்டியைத்தான் கட்ட முடிந்தது. முதல் அப்படியே கிடந்தது.

ராம்குமார் ஏர்வாடிப் பக்கம் பிளாட் போட்டு விற்கிறவன். கடலோரம் நாலு ஏக்கர் வாங்கியிருந்தான். அது ஈர நிலமா மேட்டு நிலமா என்று ஆய்வு செய்து, மேடு என்று எழுதி வந்தால்தான் மனைக்கு அனுமதி. ஆய்வுக்கு வருகிறவர்கள் செடி, மண், தண்ணீர் மூன்றையும் பார்ப்பார்களாம். குழி தோண்டும் வேலை தவசிக்கு வந்தது.

தன்னைவிடப் பத்து வயது மூத்தவனை ராம்குமார் 'ஏலே' போட்டுத்தான் கூப்பிடுவான். வாங்கித் தின்றவன் பதில் பேச முடியுமா?

"ஏலே தவசி, ஈரத்துல மொளைக்கிற கோரையையும் உமரியையும் ஜேசிபி வழிச்சுப் போட்டுருச்சு. தண்ணிய ஆனி வெயில் குடிச்சிருச்சு. மண்ணு மட்டுந்தான் பாக்கி. அது உன் கடப்பாறை முனையில இருக்கு. பழைய உப்பள வரப்பு மேல தோண்டு, அங்கதான் காஞ்ச மண்ணு. பிளாட்டெல்லாம் வித்து முடியட்டும், உன் கடன் நோட்டத் திருப்பிக் குடுத்துர்றேன்."

மறுநாள் ஆய்வுக்கு வந்தது ஜெயப்பிரியா என்ற சின்னப் பெண். கிராவல் அடித்துச் சமமாக்கிய தரையைப் பார்த்துவிட்டுத் தவசியிடம் வந்தாள்.

"அண்ணே, இதுல பள்ளம் எதுன்னே தெரியல. நீங்க இந்த ஊர்க்காரரு. மழை பெஞ்சா முதல்ல எங்க தேங்கும்? அங்க தோண்டுங்க."

தவசிக்குத் தெரியும். நடுவில் ஒரு முழம் தோண்டினால் போதும், சாம்பல் நிறச் சேறு வரும். அதில் ஆணி துருப்பிடித்துக் கரைந்த மாதிரிச் செம்புள்ளிகள் இருக்கும். கூமுட்டை நாற்றம் அடிக்கும். வருஷா வருஷம் தண்ணீருக்குள் கிடந்து மூச்சு முட்டிய மண் அது. பையனாக இருந்தபோது அங்கே இடுப்பளவு நீரில் இறால் தடவியிருக்கிறான்.

"இங்கனதாம்மா" என்று வரப்பு இருந்த இடத்தைக் காட்டினான்.

மூன்று குழி தோண்டினான். மூன்றிலும் பழுப்பு மணல், உலர்ந்து உதிர்ந்தது. அவள் முகர்ந்து பார்த்தாள், உருட்டிப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தையும் பார்த்தாள். "நிஜமா இதுதானாண்ணே?" என்றாள். அவன் தலையாட்டினான். எழுதிக்கொண்டாள்.

ஆவணியில் உம்மு ஹபீபா அங்கே இரண்டு சென்ட் பேசினாள். தர்காவுக்கு வருகிற ஜனங்களுக்கு இடியாப்பம் விற்று, பதினொரு வருஷம் ஒற்றை அறை வாடகையில் கிடந்தவள். குழி தோண்டியது தவசி என்று கேள்விப்பட்டு, ராம்குமார் கொடுத்த காகிதத்தை அவனிடமே நீட்டினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுண்ணே. நீங்கதான் படிக்கப் பழகிட்டீங்களே. தண்ணி நிக்கும்னு போட்டிருக்கா, நிக்காதுன்னா?"

பைக்கில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த ராம்குமார் சிரித்தான். "படிங்க புலவரே!"

நாற்பத்தாறு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகியவன் தவசி. விரல் வைத்து வாசித்தான். "மே... ட்டு... நி... லம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள்.

கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. அங்கே அவள் கட்டிய புது வீட்டில் கூரை ஒழுகவில்லை. தண்ணீர் தரையிலிருந்து ஊறி ஏறியது. தவசி ஓடிப்போய் இடியாப்ப அண்டாவையும் பாத்திரங்களையும் ரோட்டுக்குத் தூக்கி வந்தான். மூன்றாவது நடையில் அவனுக்குத் தாங்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. ஆபீசுல போயிச் சொல்லிறட்டுமா?"

அவள் முக்காட்டு நுனியைப் பிழிந்தாள்.

"சொல்லுங்க. பத்திரம் பதிஞ்சாச்சு, காசு போயிருச்சு. சொன்னா தண்ணி வடிஞ்சிருமா? நான் பேப்பர நம்பலண்ணே, வாசிச்ச வாய நம்புனேன். காசு வாங்குறது மட்டும் லஞ்சம் இல்ல. தெரிஞ்சத வாய்க்குள்ள வச்சுக்கிறதும் லஞ்சந்தான். தெரிஞ்சவக வாய மூடிக்கிட்டா, தெரியாதவ தலையிலதான் விடியும்."

நனைந்த அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் ரோட்டுக்கு வந்தான். ராம்குமார் மழைக் கோட்டோடு நின்றிருந்தான்.

"கடைசி பிளாட்டும் போயிருச்சுலே. சொன்ன சொல்லு மாற மாட்டேன். வட்டியும் சேத்துத் தள்ளுபடி."

தவசியின் இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தன. வேண்டாம் என்று தள்ளக்கூடக் கை இல்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கடன் நோட்டை ராம்குமார் அவன் சட்டைப் பையில் செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கடன் தீர்ந்தது.