மூச்சடக்கும் வகுப்பு

எழுபத்து மூன்றில் ஸ்ட்ரைக் பேச்சு கிளம்பியதும் எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ஒரு யோகா மாஸ்டரைப் பிடித்து வந்தார். தன்னை அறிந்தவனுக்குக் கோபம் வராதாம். ஷிப்டுக்கு முன் அரை மணி நேரம் எல்லோரும் கண்ணை மூடி, மூச்சை அடக்கி விட்டு, அதைக் கவனிக்க வேண்டும்.

மூச்சடக்குவதில் என் அண்ணன் ஆத்தப்பனை யாராலும் மிஞ்ச முடியவில்லை. "பூர்வஜென்மப் பயிற்சி," என்றார் மாஸ்டர். ஒரு மண்ணும் இல்லை. சலவைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டும்போதெல்லாம் பத்து வருஷமாக மூச்சை அடக்கியவர் அவர். அந்தக் கூலியில்தான் நான் கெமிஸ்ட்ரி படித்தேன். குளோரின் நுரையீரலை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அப்போது அதே கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்தும் அண்ணன் எழவில்லை.

"ஏனுங்கண்ணா, சாமியாராயிட்டீங்களா?"

"அம்மிணி, கண்ண மூடுனா நெஞ்சுக்குள்ள விசிலடிக்குது. இத்தன நாளா மெசின் சத்தந்தான் காதுலயே நிக்குதுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

நெஞ்சில் காதை வைத்தேன். எனக்கும் கேட்டது.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."

"சும்மா இரு. தெரிஞ்சா வேலைய உட்டு நிறுத்திருவாங்க. மொதல்ல உனக்குக் கண்ணாலம் முடியட்டும்."

"எனக்கு ஒரு கண்ணாலமும் வேண்டாம்!" என்று கத்தினேன். அதற்குள் அவர் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மாஸ்டர் சொன்னதும் நூறு பேர் கண்ணை மூடினார்கள். அண்ணன் மட்டும் கண்ணை அகலத் திறந்து, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.