ஆறு மணிக்குப் பூட்டும் சலவைக்கடை

ஈரத் தரையில் வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட அன்றைக்கும் அவள் முதலில் சொன்னது, "டாக்டர் கோட்டெல்லாம் ரெண்டாவது மெஷின்ல இருக்கு, யாரும் நீலத்தோட கலந்துடாதீங்க" என்பதுதான். வலி அதற்கப்புறம்தான் வந்தது.

சலவைக்கடை அவள் தனியாளாகத் தொடங்கியது. கல்யாணமான புதிதில் வீட்டுக் குளியலறையில் பக்கத்துத் தெரு உணவகத்தின் மேசை விரிப்புகளைத் துவைக்க ஆரம்பித்தவள், இன்று பெரிய துவைக்கும் இயந்திரங்களும் நீராவி இஸ்திரி மேசையுமாக ஒரு முழுக் கட்டடத்தில் வந்து நின்றாள். உணவகங்கள், மருத்துவமனை, தங்கும் விடுதி, உடற்பயிற்சிக் கூடம் என்று வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். எந்த விரிப்பு யாருடையது, யாருக்குக் கஞ்சி வேண்டும், யாருக்கு ஆகாது எல்லாம் அவள் தலைக்குள் இருந்தன. மூன்றாவது இயந்திரத்தின் கதவை முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் மூடும். அந்த இடியை எங்கே இடிப்பது என்பதுகூட அவளுக்கு மட்டுமே தெரியும்.

"நான் இல்லாம ஒரு நாள் ஓடாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வாள். அலுப்பு உதட்டில்தான்.

டாக்டர் கட்டுப் போட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் கட்டிலில் படுத்தபடியே கடையை நடத்தினாள். போன் காதோடு ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் எல்லோரிடமும் இருந்தது அவள் எண் ஒன்றுதான். அவர்கள் அவளைக் கூப்பிட, அவள் கடையைக் கூப்பிட, கடையிலிருந்து திரும்ப அவளைக் கூப்பிட, அந்த வாரமே மருத்துவமனை விரிப்புகள் விடுதிக்கும் விடுதி விரிப்புகள் மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தன. விடுதிக்காரர் பதறினார்: "அக்கா, ரூம் பூரா ஆஸ்பத்திரி வாசனை. தங்க வந்தவங்க, இங்க யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க!"

அன்று மாலை நாத்தனார் வந்தாள். கணவரின் தங்கை, அடுத்த தெருவில் கட்டிக்கொடுத்தவள். ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் பார்த்த வேலை போனதும் இரண்டு வருடங்களாகக் கடையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். கட்டிலருகே நின்று கையை நீட்டினாள்.

"அண்ணி, போனைக் குடுங்க."

"எதுக்கு?"

"நீங்க ஒன்னு சொல்றீங்க, நான் ஒன்னு சொல்றேன். ஆவி அண்ணன் ரெண்டையும் கேட்டுட்டு மூணாவதா ஒன்னு செய்றாரு."

ஆவி என்பது இஸ்திரி போடுகிறவர். நாள் முழுக்க நீராவிக்குள்ளேயே நிற்பார். கூப்பிட்டால் வெள்ளைப் புகைக்குள்ளிருந்து தலை மட்டும் முதலில் வரும். யார் வைத்த பெயரோ, அவருக்கே பிடித்துப்போய்விட்டது.

"என் கடைக்கு என் போன் வேண்டாமா? நல்லாருக்கே நியாயம்" என்றாள் இவள்.

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர், பேருந்து ஓட்டுகிறவர், வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம், அன்று திறந்தார். "குடுத்துடு. கால் ஒடைஞ்சது உனக்கு, காது வலிக்கிறது எனக்கு."

கொடுத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் நாத்தனார் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "எல்லாம் சரி அண்ணி." அந்த "எல்லாம் சரி"தான் இவளை அரித்தது. எங்காவது ஒரு சட்டை சாயம் போகாதா, எவனாவது ஒருவன் "அக்கா வந்தாத்தான் ஆச்சு" என்று சண்டைக்கு வரமாட்டானா என்று மனதின் ஒரு மூலை ஏங்கியது. தான் பெற்ற பிள்ளை இன்னொருத்தி இடுப்பில் அழாமல் இருந்தால் தாய்க்கு வருமே ஒரு கோபம், அந்தக் கோபம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது.

கட்டுப் பிரித்து, கைத்தடியோடு முதல் முறை கடைக்குப் போனபோது முகப்பு மேசையில் அவள் வயதில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள்.

"துணி போடவா, வாங்கவா?"

"இது என் கடை."

அந்தப் பெண்மணி இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே கூவினாள்: "ஆவி அண்ணே, யாரோ ஒரு அம்மா வந்து கடை அவங்களோடதுங்கறாங்க!"

புகைக்குள்ளிருந்து வந்த தலை சிரித்தது. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே சுற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிறத்தில் பை. விடுதிக்குப் பச்சை, மருத்துவமனைக்கு மஞ்சள். தண்ணீர் தேங்கும் இடத்தில் சிமென்ட் சரிவு போட்டிருந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. மூன்றாவது இயந்திரத்தின் கதவு விரல் பட்டதும் மூடிக்கொண்டது. மெக்கானிக் ஒரு கீலை மாற்றினாராம், அவ்வளவுதான். அவள் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

உடற்பயிற்சிக் கூடத்தின் பை மட்டும் காணோம்.

"விட்டுட்டேன்" என்றாள் நாத்தனார். "நடுராத்திரி துண்டு எடுத்து விடியறதுக்குள்ள குடுக்கணும். நம்மால முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டறோம் அண்ணி. அதுக்கு மேல யாரும் நிக்கறதில்ல."

இவள் தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுத்த நாளே அந்தப் பழைய உணவகக்காரர் கூப்பிட்டார், அவளுடைய முதல் வாடிக்கையாளர். மேசை விரிப்பு மொத்தமும் நாளைக் காலைக்குள் வேண்டும், ரொம்ப அவசரம். "எப்பவும் போலத்தானே அக்கா?" என்று அவர் கேட்டதும் உடம்பில் புது ரத்தம் ஓடியது. "அனுப்புங்க, பாத்துக்கறேன்" என்றாள்.

ஆவியிடம் போய், இன்றிரவு கொஞ்சம் நிற்க வேண்டும் என்றாள். அவர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நான் சொல்றேன்ல!"

"நீங்க சொன்னா நிப்பேங்க. எத்தனை வருஷமா நின்னேன்."

சத்தம் கேட்டு நாத்தனார் வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி, உங்ககிட்ட முன்னாடி வேலைக்கு வந்தவங்க எல்லாம் ஏன் போனாங்கன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டாள்.

"சோம்பேறிங்க. போனாங்க."

"தூங்கப் போனாங்க. நீங்களும் அன்னைக்கு வழுக்கி விழல. முந்தின நாள் காலையிலேர்ந்து கண்ணை மூடாம நின்னு, நின்னுக்கிட்டே தூங்கி விழுந்தீங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். உங்களைப் புடிக்க முடியல." அவள் குரல் முதல் முறையாகத் தடுமாறியது. "உங்க தலையை நம்பி ஓடற கடை, நீங்க விழுந்தா சேர்ந்து விழும். எனக்கும் வேற பொழைப்பு இல்ல. ஆவி அண்ணனுக்கும் இல்ல."

உலர்த்தும் இயந்திரம் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. இவளுக்கு வாய் வரை ஒரு பதில் வந்தது. நன்றாக உறைக்கக்கூடிய பதில். அதை விழுங்கினாள். தடியை ஊன்றி வெளியே போய், வாசல் படியில் உட்கார்ந்து உணவகக்காரரைக் கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை.

"இன்னைக்கு ராத்திரி முடியாதுங்க. நாளைக்கு ராத்திரியும் முடியாது. நாளன்னைக்குத் தரேன்."

"சரிக்கா" என்றார் அவர்.

"சரியா?"

"நாளன்னைக்குத் தந்தா போதும். இன்னொரு செட்டு விரிப்பு அலமாரியில இருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா அவசரம் அவசரம்னு உயிரை வாங்கினீங்களே?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளதைச் சொன்னார். "நீங்க குடுத்தீங்க, அதான் கேட்டேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஆறு மணிக்கு எல்லோரோடும் அவளும் வெளியே வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்த கணவர் அவளைப் பார்த்து வெலவெலத்துப்போனார்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒன்னும் இல்ல. வேலை முடிஞ்சுது, வந்தேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அடுப்பில் தனக்கு மட்டும் வைத்திருந்த சாப்பாட்டைப் பார்த்தார். "போதாதே" என்றார்.

"பாதிப் பாதி" என்றாள்.

அடுத்த மாதம் கடையில் பாதியை நாத்தனார் பெயருக்கு எழுதி வைத்தாள். நாத்தனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "இப்பவாவது தோணிச்சே" என்று மட்டும் சொன்னாள். உடற்பயிற்சிக் கூடம் திரும்ப வரவில்லை. வேறு இரண்டு உணவகங்கள் வந்தன, ஒன்று போனது. புதிதாகச் சேர்ந்தவர்கள் வருடம் தாண்டியும் நிற்கிறார்கள். நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்து அவள் வீட்டோடு இருந்த மாதங்களில் ஆவிதான் கடையைப் பார்த்துக்கொண்டார். ஒரு பச்சைப் பைகூட இடம் மாறவில்லை.

அவள் இப்போது வாரத்தில் நாலு நாள் கடைக்குப் போகிறாள். ஐந்தாம் நாள் போய் நின்றால் ஆவி புகைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஏங்க, வீட்டுல ஏதாச்சும் சண்டையா?" என்று கேட்கிறார்.