போட்டோக்காரர் மறந்த பொய்

எதிர்வீட்டு போட்டோக்காரரிடம் பாஸ்வேர்டு பற்றி வாயைக் கொடுத்தால் மீள முடியாது. எல்லாக் கணக்குக்கும் நான் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பது தெரிந்ததிலிருந்து, கதவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போனவளைப் பார்ப்பதுபோல்தான் என்னைப் பார்ப்பார். அவருக்குக் கணக்குக்கு ஒன்று, அத்தனையும் மண்டைக்குள். பாஸ்வேர்டு மறந்தால் கேட்கப்படும் ரகசியக் கேள்விகளுக்குக்கூட உண்மையைச் சொல்லி வைத்ததில்லை.

"உண்மையைப் போட்டா தெரிஞ்சவன் எவனும் உள்ள பூந்துடுவான்க்கா. பொய்யைத்தான் போடணும்."

ஒரு சனிக்கிழமை அவர் குரல் தெருவைத் தாண்டி வந்தது. என் வீட்டில் இரண்டு கத்தரிக்கோல் இருந்தும், கத்தரிக்கோல் கேட்கிற சாக்கில் போனேன்.

மனிதர் வியர்த்துப்போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுக்க இணையக் கணக்கில். கேமரா கார்டை அழித்து அடுத்த வேலைக்கும் போய்வந்தாயிற்று. சாயங்காலம் பெண்ணின் அப்பா படம் வாங்க வருகிறார். பாஸ்வேர்டோ மண்டையை விட்டு இறங்கிப் போய்விட்டது. திரையில் ஒரு கேள்வி: உங்கள் முதல் வேலை எது? இன்னொரு தடவை தப்பாகச் சொன்னால் கணக்கு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளுமாம்.

"முதல் வேலை என்னன்னு உங்களுக்கே தெரியாதா?" என்றேன்.

"தெரியும்க்கா. லாண்டரியில இஸ்திரி போட்டேன். என்ன பொய் சொன்னேன்னுதான் தெரியல. பைலட்னு போட்டுப் பார்த்தேன், டாக்டர்னு போட்டுப் பார்த்தேன்."

"டாக்டரா," என்றாள் அவர் மனைவி, துணி மடித்துக்கொண்டே. பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருப்பவள். யார் அலறினாலும் பதறமாட்டாள். "அந்த அளவுக்கெல்லாம் உங்களுக்குப் பொய் வராதுங்க. எங்கப்பாகிட்ட சொன்னீங்களே, அதைப் போடுங்க."

"உங்கப்பாகிட்ட என்ன சொன்னேன்?"

"கப்பல் கம்பெனியில சூப்பர்வைசர்."

அவர் விரல் அப்படியே நின்றது. பூட்டிக்கொள்ளும் என்ற பயம் போய், முகத்தில் வேறு பயம் வந்தது.

"அது பொய்னு உனக்கு..."

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். கப்பல் கம்பெனி ஆளுக்கு சட்டைக் காலர் அப்படி நிக்குமா? போடுங்க, பொண்ணோட அப்பா வந்துடப் போறாரு."

போட்டார். திறந்தது. யாரோ ஒரு மணப்பெண் திரை முழுக்கச் சிரித்தாள். எங்கள் மூன்று பேரில் யாரும் சிரிக்கவில்லை.

மறுவாரம் கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் மட்டும் இருந்தாள். மடிக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது.

"கேள்வியையே மாத்திட்டாருக்கா. வீட்டுக்குள்ளேயே கண்டுபிடிக்கிற ஆள் இருக்கிறப்ப பொய் தாங்காதாம். இனிமே உண்மைதானாம்."

"நல்லதுதானே. என்ன கேள்வி?"

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் யாருன்னு."

"சரி."

"என் பேரைப் போட்டுப் பார்த்தேன். திறக்கல."

"பழையபடி பொய்யைப் போட்டிருப்பாரு," என்றேன்.

"அவரு பொய் எனக்குத் தெரியாதாக்கா?"

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.