மதினி எடுத்த அக்கினிச்சட்டி

1

இந்தக் கதையைத் தொடங்குவதற்கு முன்பே நான் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இலக்கியமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு தாளோடு, அதில் நானே எழுதிய முதல் வாக்கியத்தை நானே ரசித்துக்கொண்டு வாசலில் நடந்தேன். ரசனை முற்றியதும் உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தேன். தீப்பெட்டிக் கம்பெனிக்காக மதினி ஒட்டிய அடிப்பெட்டிகள் அந்த இடத்தில்தான் பாய் நிறையக் காய்ந்துகொண்டிருந்தன. பசை இன்னும் ஈரம். நான் எழுந்தபோது பெட்டிகளில் ஒரு பகுதியும் என்னோடு எழுந்தது.

"அப்படியே நில்லுங்க கொளுந்தனாரே," என்றாள் மதினி. "மேல லேபிளையும் ஒட்டிவிட்டுட்டா, நேரா லோடுல ஏத்திரலாம்."

நசுங்கியதற்கெல்லாம் பதில் பெட்டி நானே ஒட்டித் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பசைச் சட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கசங்கிய தாளில் இருந்த வாக்கியம் இது:

'ஐம்பத்தாறாம் வருஷம் பங்குனியில், கல்யாணம் செய்துகொள்வதற்காகப் பர்மாவிலிருந்து ஒரு பெண் எங்கள் ஊருக்கு வந்தாள்.'

அந்தப் பெண்தான் எதிரே உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். பெயர் மா சான். என் அண்ணன் உக்கிரபாண்டியின் மனைவி. நான் கோட்டைச்சாமி, சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் அச்சுக் கோர்க்கிறவன். இதுவரை என் கதைகள் இரண்டு அச்சில் வந்திருக்கின்றன. இரண்டிலும் என் பெயரில் பிழை. கோர்த்தவனும் நானே.

2

எப்படித் தொடங்குவது?

'கடல் அன்றைக்கு ஒரு பெரிய' என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். கடல் எதைப் போல இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் கண்மாய்தான், அதுவும் ஐப்பசி கார்த்திகையில். தெரிந்தவரையே கேட்டுவிடலாமே.

"மதினி, கப்பல் எப்படி இருந்துச்சு?"

"வாந்தியா இருந்துச்சு."

சரி, கடல் வேண்டாம். விருதுநகர் ஜங்ஷனிலிருந்து தொடங்குகிறேன். அங்கே நானே இருந்தேன். அப்பா இறந்ததும் அண்ணன் பர்மாவில் மோல்மேன் ஊர் அரிசி மில் வேலையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்க வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸ் துறைமுகம் போய் அவளை அழைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினான். லுங்கி மாதிரி ஒன்றை இடுப்பில் சுற்றி, கொண்டையில் ஒரு பூ வைத்திருந்தாள். பிளாட்பாரத்தில் நின்ற சனம் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். கொழுந்தன் என்று அண்ணன் சொல்லியிருப்பான் போல. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி என் கால்மேலேயே போட்டுக்கொண்டேன்.

(இந்த விபத்தையும் சேர்த்தால் வாசகர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். அதனால் அடிக்கிறேன். அதாவது, அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.)

3

இனி வில்லன். என் தாய்மாமன் ஆண்டிச்சாமியை வில்லனாக்க எவ்வளவோ பாடுபட்டேன், மனுஷன் மசியவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவர் மகள் வேலுத்தாய்தான் அண்ணனுக்கு முறைப்பெண். அண்ணன் திரும்பி வருவான் என்று காத்திருந்த வீடு அது. அவரைப் பெரிய மீசையோடு எழுதிப் பார்த்தேன். நிஜத்தில் அவருக்கு மீசை சரியாக முளைக்காது.

மா சான் வந்த மறுநாளே அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, தன் தங்கையான என் அம்மா சண்முகத்தாயிடம் சொன்னார்: "தாயி, வந்த பிள்ளைக்கு வயிறாரச் சோறு போடு. போட்டுட்டு ரயிலேத்தி விட்ரு. மொளி தெரியாது, சாமி தெரியாது. இங்கன வந்து அதுவும் சீரளியணும், நாமளும் சீரளியணுமா?"

அம்மா உலை வைக்க உள்ளே போனாள். அவள் மனசில் என்ன இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆனால் ரயிலேற்ற முடியவில்லை. அன்று காலையில்தான் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடிகிறவரை ஊருக்குள் இருக்கிறவர்கள் வெளியூர் போய்த் தங்கக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டதால் மா சானும் ஊருக்குள் இருக்கிறவளாகிவிட்டாள். பொங்கல் முடிந்ததும் அவளை அனுப்பிவிடுவது என்று பேச்சு. அதுவரை பக்கத்து வீட்டு மாடத்தி வீட்டில் தங்க வைத்தோம்.

கல்யாணம் நடக்குமா, கப்பலேற வேண்டியதா? கதையில் கேள்வி இது ஒன்றுதான். இதைப் பெரிய எழுத்தில் கோர்க்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம்.

4

(இந்தப் பகுதியில் மா சானின் அழகைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பசை துடைக்கத் துணி இல்லையென்று மதினி அதை எடுத்துக்கொண்டாள்.)

5

தகரப் பெட்டியில் ஒரு மரக்கட்டையும் ஒரு வட்டக் கல்லும் இருந்தன. காலையில் எழுந்ததும் கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசுவாள். சந்தனம் மாதிரி வருவதை இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொள்வாள். வெயிலுக்குக் குளிர்ச்சி. பர்மாவில் எல்லாப் பெண்களும் செய்வதுதான், நாம் பவுடர் போடுவது போல.*

மாடத்தி அதைக் கண்டாள். காப்புக் கட்டிய ஊரில், காலையில் குளித்து முடித்து, முகத்தில் சந்தனம் பூசி, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். மாடத்திக்கு வேறென்ன தோன்றும்? விரதக்காரி. கடல் கடந்து ஆத்தாளே கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை. பொழுது சாய்வதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்து மா சானைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளும் எல்லோரையும் திருப்பிக் கும்பிட்டாள். அவள் ஊரில் அது மரியாதை. எங்கள் ஊரில் அது அருள்.

மாமா சும்மா இருப்பாரா? "விரதக்காரின்னா சட்டி எடுக்கட்டும்," என்றார். "கோயிலு வரைக்கும் எறக்காமக் கொண்டு போயிட்டா, நானே தாய்மாமனா முன்னால நின்னு தாலி எடுத்துக் குடுக்கேன். நடுவுல எறக்கிட்டா, மறுநா ரயிலு."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எடுப்பா," என்றாள்.

அண்ணன் பர்மியப் பேச்சில் மா சானுக்கு எல்லாவற்றையும் சொன்னான். எரிகிற நெருப்புச் சட்டியை வெறுங்கையில், வேப்பிலை மட்டும் வைத்து ஏந்திக்கொண்டு தெருவெல்லாம் நடக்க வேண்டும் என்றான். வேண்டாம், ரெண்டு பேரும் மோல்மேனுக்கே போய்விடலாம் என்றும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். எடுக்கிறேன் என்ற தலையாட்டல். அண்ணன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இதற்கு மேல் கேட்டால் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவான்.

* இதைப் பூசிக்கொண்டால் வெயில் தெரியாது என்று நானும் ஒரு நாள் பூசிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

6

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது.

எங்கள் ஊரில் சட்டி எடுத்த யாரைக் கேட்டாலும் "சுடலை" என்பார்கள். விரதம் சுத்தமாக இருந்தால் சுடாது, குறை இருந்தால் சுடும். மா சானோ புத்தர் சாமியைக் கும்பிட்டு வளர்ந்தவள். அவள் விரதம் என்பது கன்னத்தில் அப்பியிருந்த கட்டைச் சாந்துதான். அவளுக்குச் சுட்டதா, சுடவில்லையா? சுட்டது என்றால் ஒரு கதை, சுடவில்லை என்றால் வேறு கதை. இது தெரியாமல் கடைசிப் பக்கத்தை எழுத முடியாது.

மதினியிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"சட்டி சுட்டுச்சா மதினி?"

"அடுப்புல கொளம்பு சுண்டுது, பாத்துட்டு வந்துருதேன்."

இன்னொரு தரம்: "சுட்டுச்சா மதினி?"

"சாப்பிட்டீகளா நீங்க? பசிச்சாத்தான் இப்படிக் கேள்வியா வரும்."

பேச்சு முழுக்க அம்மா பேச்சு. அம்மாவிடம்தான் தமிழ் படித்தாள். முதலில் எந்த வார்த்தை பேசினாள் என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு. 'சோறு' என்பது என் கட்சி. தன் பெயர்தான் என்பது அண்ணன் கட்சி. மதினி இரண்டுக்கும் சிரிப்பாள்.

7

சட்டி எடுத்த நாள். நான் பார்த்ததை எழுதுகிறேன்.

(அம்மா காலையிலிருந்து கொப்புக் கொப்பாக வேப்பிலை ஒடித்தாள், மரமே மொட்டையாகிவிடும் போல. என்னை வைப்பாற்றுக்கு விரட்டி, ஊற்றுத் தோண்டி ஓர் ஓலைக் கொட்டான் நிறைய ஈர மணல் அள்ளி வரச் சொன்னாள். எதற்கென்று கேட்டதற்கு... கதைக்குத் தேவையில்லை. அடித்தாயிற்று.)

மஞ்சள் சேலையில் மா சான். கையில் சட்டி, சட்டிக்குள் நெருப்பு. கொட்டுச் சத்தம். பக்கத்தில் அண்ணன் நடக்கிறான், முகம் வெளுத்து. முன்னால் மாமா, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. அவள் யாரையும் பார்க்கவில்லை. உதடு ஏதோ முணுமுணுத்தது. அது ஆத்தா பெயரா, புத்தர் பெயரா, அண்ணனைத் திட்டினாளா, தெரியவில்லை. கோயில் வந்தது. இறக்கினாள். மாமா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கொடுத்த வாக்குப்படி சித்திரை பிறப்பதற்கு முன்பே தாலி எடுத்துக் கொடுத்தார். வேலுத்தாய்க்கும் மறு வருஷமே மல்லாங்கிணற்றில் நல்ல இடம் அமைந்தது.

8

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: சட்டி அவள் கையில் பூப்போல இருந்தது. நான் கதை அனுப்புகிற பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும். ஆடி மாதத்து இதழில் போடுவார்கள்.

இன்னொன்று: நடுத்தெருவில் சட்டியைப் போட்டு உடைத்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கப்பலேறுகிறாள். பிரஸ்ஸில் என் பக்கத்து மேஜை கண்ணுச்சாமி சொன்ன முடிவு. அவனுக்குச் சாமி கிடையாது. "எளுதுலே, சமுதாயம் திருந்தட்டும்," என்றான். சமுதாயம் திருந்தும், ஆனால் எங்கள் அண்ணன் பிள்ளைகள் இரண்டும் இல்லாமல் போய்விடுமே.

மூன்றாவது நிஜமாக நடந்தது. கல்யாணமான கையோடு சித்திரை பிறந்தது. பர்மாவில் வருஷப் பிறப்புக்குப் பெரியவர்கள் சின்னவர்கள் எல்லோர் மேலும் தண்ணீர் ஊற்றுவார்களாம். எங்கள் ஊரில் சித்திரையில் ஒரு குடம் தண்ணீருக்கு ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் குடத்தை மா சான் தூக்கிவந்து, வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையில் கவிழ்த்துவிட்டாள். அம்மா சொட்டச் சொட்ட நிமிர்ந்து, "இன்னொரு குடம் கெடக்கா?" என்று கேட்டாள்.

நல்ல முடிவுதான். ஆனால் போன மாதம் நெருப்பு, இந்த மாதம் தண்ணீர் என்றால், எவனோ உட்கார்ந்து ஜோடித்த மாதிரி இருக்கிறது. ஜோடிக்கத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் பெட்டிமேல் உட்காருகிறேன்?

9

ஆகவே நேற்று எல்லாத் தாளையும் மதினியிடமே கொடுத்துவிட்டேன். அவளுக்கு எழுத்தும் தெரியும். நான் பிரஸ்ஸிலிருந்து கொண்டு வருகிற பழைய காலண்டரிலும் லேபிளிலும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டது. அவள் வாசிக்க, நான் அபராதப் பெட்டிகளை ஒட்டினேன்.

கப்பல் வாந்திக்குச் சிரித்தாள். மாமாவின் மீசைக்குச் சிரித்தாள். ஏழாவது பகுதியில் சிரிப்பு நின்றது.

"இந்த வேப்பெல, மணலு. இத ஏன் அடிச்சீக?"

"கதைக்கு வேண்டியதில்ல மதினி. அம்மாவுக்கு அன்னைக்கு ஏதோ படபடப்பு. அது எதுக்குன்னு வாசகன் கேட்டா எனக்குப் பதில் தெரியாது."

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். போன தையோடு அம்மா இறந்து ஒரு வருஷம். அம்மாவின் பாக்குவெட்டி இன்னும் மாடத்தில் இருக்கிறது. மதினி அந்தப் பக்கம் பார்த்தாள். அடுப்பில் குழம்பு எதுவும் இல்லை. நான் சாப்பிட்டும் இருந்தேன்.

வாசகர்களே, முடிவை உங்களிடம் விடுவதாகத்தான் இருந்தேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். இனி அது என் கையில் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. கேள்வியை மட்டும் கடைசியாக ஒரு தரம் கேட்டுவைத்தேன்.

"சுட்டுச்சா மதினி?"

"சுட்டுச்சு," என்றாள்.

பெட்டி ஒட்டுவதை நிறுத்தினேன்.

"கன்னத்துல பூசுனது வெரதமில்லன்னு அத்தைக்கு மொத நாளே தெரியும். எங்கிட்ட வந்து கட்டைய வாங்கி, அவுகளே ஒரசி, மோந்து பாத்தாக. வெளிய போயி மாடத்தி அக்காட்ட ஒத்த வார்த்த சொல்லல. நீங்க அள்ளியாந்த ஈர மணல சட்டிக்குள்ள பாதிக்கு ரொப்பி, அதுக்கு மேலதான் நெருப்ப வச்சாக. அடியில வேப்பெலய மெத்தை கணக்கா அடுக்கி, எங் கையப் பிடிச்சு அதுமேல வச்சுக் காட்டுனாக. அம்புட்டும் பண்ணியும் சுட்டுச்சு."

தாளை என்னிடம் நீட்டினாள். அந்த வரியை அடித்த கோட்டின் மேல் அவள் விரல் இருந்தது.

"கோயில்ல எறக்குனதும் எல்லாரும் 'சுடலைல்லா, சுடலைல்லா'ன்னாக. அத்தை மட்டுந்தான் எங் கைய விரிச்சு ஊதிக்கிட்டு, காதுக்குள்ள, 'சுட்டுச்சா தாயி?'ன்னு கேட்டாக. எனக்கு வெளங்குச்சு. 'சுட்டுச்சு'ன்னேன். நான் மொதமொத பேசுன தமிளு அதுதான், கொளுந்தனாரே."